சிப்பின் பரப்பை எப்படிக் கணிப்பது? தோல் வெட்டும் மேசையிலிருந்து தொடங்கும் ஒரு கணக்கு

வேலூரில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து கொடுப்பது என் தொழில். கிராஃபிக்ஸ் கார்டு வாங்க வரும் கல்லூரிப் பிள்ளைகள் இப்போதெல்லாம் விலையோடு சேர்த்து இன்னொன்றும் கேட்கிறார்கள். "அண்ணா, இதுல இருக்கிற சிப் எத்தனை ஸ்கொயர் மில்லிமீட்டர்?" நல்ல கேள்விதான். ஆனால் அடுத்து, சிப் செய்யும் நுட்பத்தின் பெயரை வைத்து அவர்களே ஒரு கணக்கும் சொல்வார்கள். "7 நானோமீட்டர்ல இருந்து 5-க்கு வந்தா பரப்பு பாதி ஆயிடும். அப்ப அதே விலையில ரெண்டு மடங்கு வேகம் வரணும் இல்லையா?"

இந்தக் கணக்கு தப்பு. இதில் எந்த இடம் தப்பு என்று புரிந்துவிட்டால், ஒரு சிப்பின் பரப்பை நாமே ஓரளவு சரியாகக் கணிக்கலாம். அதற்குப் பொறியியல் பட்டம் தேவையில்லை, பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

முதலில், எதை அளக்கிறோம்?

புதுப் பிராசசரைக் கையில் எடுத்தால் தெரியும் பளபளப்பான உலோகத் தகடு வெறும் மூடி. சூட்டைப் பரப்புவதற்காக வைத்தது. அதை அளந்துவிட்டு "சிப் இவ்வளவு பெரிசு" என்று சொல்பவர்கள் நிறையப் பேர். அந்த மூடிக்கு அடியில், பச்சைப் பலகையின் மேல், விரல் நகம் அளவுக்கு ஒரு சிலிக்கான் துண்டு ஒட்டியிருக்கும். வேலை எல்லாம் நடப்பது அதில்தான். அதன் பெயர் டை. பரப்பு என்று இந்தக் கட்டுரையில் சொல்வதெல்லாம் டையின் நீளம் பெருக்கல் அகலம், சதுர மில்லிமீட்டரில்.

ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கத்து ஷூ கம்பெனிகளில் 'டை' என்றால் வேறு பொருள். தோலின் மேல் வைத்து அழுத்தி வெட்டும் இரும்பு அச்சை அப்படிச் சொல்வார்கள். இங்கே டை என்பது வெட்டும் கருவி இல்லை, வெட்டிக் கிடைத்த துண்டு. குழப்பிக்கொள்ள வேண்டாம். ஆனால் தோல் வெட்டும் மேசையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், உடனே தேவைப்படும்.

பரப்பு ஏன் பணமாகிறது

என் சித்தப்பா முப்பது வருடம் ஷூ கம்பெனியில் கட்டிங்கில் இருந்தார். பதனிட்ட தோல் அடிக்கணக்கில் வரும். ஒவ்வொரு தோலின் பின்பக்கமும் அது எத்தனை சதுர அடி என்று எழுதியிருக்கும். ஆனால் பத்து அடி தோலில் பத்து அடிக்கும் துண்டு எடுக்க முடியாது. ஓரம் வளைந்திருக்கும், அங்கே முழுத் துண்டு விழாது. நடுவிலும் மாட்டை உண்ணி கடித்த தழும்பு, முள் கீறல், சூட்டுக்குறி எல்லாம் இருக்கும். குறை விழுந்த இடத்தில் ஷூவின் முன்பக்கத்தை வெட்ட முடியாது.

சிலிக்கானிலும் இதே கதைதான். இன்று பெரிய தொழிற்சாலைகளில் சிப் செய்வது 300 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டமான தகட்டின் மேல். அதை வேஃபர் என்பார்கள். அளவில் ஒரு பெரிய தோசை என்று வைத்துக்கொள்ளலாம். பரப்பு ஏறக்குறைய 70,700 சதுர மில்லிமீட்டர். அதன் மேல் டைகளைக் கட்டம் கட்டமாக உருவாக்கிக் கடைசியில் அறுத்து எடுக்கிறார்கள். வட்டத்துக்குள் செவ்வகங்களை அடுக்கினால் ஓரத்தில் அரைகுறைத் துண்டுகள் வீணாகும். துண்டு பெரிதாகப் பெரிதாக ஓரத்தில் போகும் வீணும் கூடும்.

அதைவிட முக்கியம் குறைகள். கண்ணுக்கே தெரியாத ஒரு தூசி விழுந்தால்கூட அந்த இடத்தில் கம்பி அறுந்துவிடலாம், இரண்டு கம்பிகள் ஒட்டிக்கொள்ளலாம். ஒரு வேஃபரிலிருந்து எடுத்த டைகளில் எத்தனை சதவீதம் நல்லது என்பதுதான் விளைச்சல். நெல்லுக்குச் சொல்கிற அதே சொல், பொருளும் அதேதான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சராசரி 0.1 குறை என்று வைத்துக்கொள்வோம். அதாவது பத்து சதுர சென்டிமீட்டருக்கு ஒரு குறை. டை 100 சதுர மில்லிமீட்டர் என்றால், ஓரம் போக வேஃபருக்குச் சுமார் 640 துண்டு கிடைக்கும். குறை விழாமல் தப்புவது 90 சதவீதம், அதாவது கிட்டத்தட்ட 580 நல்ல துண்டு. இப்போது டையை 600 சதுர மில்லிமீட்டர் ஆக்குங்கள். வேஃபருக்குச் சுமார் 90 துண்டுதான் விழும். ஒவ்வொரு துண்டும் ஆறு மடங்கு பெரிது என்பதால் அதில் குறை விழ வாய்ப்பும் கூடுகிறது. தப்புவது 55 சதவீதம்தான். கையில் நிற்பது 49 அல்லது 50.

பரப்பு ஆறு மடங்குதான் கூடியது, நல்ல துண்டு பன்னிரண்டில் ஒரு பங்காகிவிட்டது. பெரிய கிராஃபிக்ஸ் கார்டின் விலை ஏன் அப்படி எகிறுகிறது என்று கேட்கும் ஒவ்வொருவருக்கும் நான் முதலில் காட்டுவது இந்தக் கணக்கைத்தான்.

குறை விழுந்த தோலைச் சித்தப்பா தூக்கிப் போட்டுவிட மாட்டார். முன்பக்கத்துக்கு ஆகாத இடத்தில் ஷூவின் நாக்குப் பகுதியையோ உள்ளே மறையும் துண்டையோ வெட்டிவிடுவார். சிப்பிலும் இப்படிச் செய்கிறார்கள். கிராஃபிக்ஸ் சிப் கம்பெனியான என்விடியாவின் ஏடி102 என்ற டையில் 144 கணக்கீட்டுப் பிரிவுகள் உண்டு. அதே டையில் செய்த ஆர்டிஎக்ஸ் 4090 கார்டில் வேலை செய்வது 128. மீதி அணைத்து வைக்கப்பட்டவை. ஏதோ சில பிரிவுகளில் பழுது இருந்தாலும் டை முழுவதும் வீணாகாமல் விற்பனைக்கு வர இது வழி செய்கிறது. ஆகவே மேலே போட்ட 55 சதவீதம் கொஞ்சம் கடுமையான கணக்குதான், நடைமுறையில் இதைவிடக் கூடுதலாகக் காப்பாற்றலாம்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: டை பெரிதானால் வேஃபருக்குத் துண்டுகள் குறையும், கிடைக்கும் துண்டுகளிலும் பழுது கூடும். இரண்டும் ஒன்றோடு ஒன்று பெருகுவதால்தான் பரப்பைத் தெரிந்துகொள்ள இத்தனை பேர் மெனக்கெடுகிறார்கள்.

'5 நானோமீட்டர்' என்பது அளவு இல்லை

7-ஐ 5 ஆக்கினால் பரப்பு பாதி என்று பிள்ளைகள் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 5-ஐ 7-ஆல் வகுத்து, அதை அதனாலேயே பெருக்கினால் 0.51 வருகிறது. கணக்கு சரி, எடுத்துக்கொண்ட எண்தான் தவறு. 7 நானோமீட்டர், 5 நானோமீட்டர் என்பவை ஒரு தலைமுறை நுட்பத்துக்கு வைத்த பெயர்கள். அந்த அளவில் எதுவும் சிப்புக்குள் இருக்க வேண்டும் என்று இல்லை. பல கம்பெனிகளுக்குச் சிப் செய்து கொடுக்கும் தைவான் நிறுவனமான டிஎஸ்எம்சியின் 7 நானோமீட்டர் நுட்பத்தில் மிக நெருக்கமான கம்பிகளுக்கு இடையே உள்ள இடைவெளிகூட, ஒரு கம்பியின் நடுவிலிருந்து அடுத்ததன் நடு வரை, 40 நானோமீட்டர். பெயரில் இருக்கும் எண்ணை எடுத்து இருமடியாக்குவதில் பொருளே இல்லை.

முதல் வழி: படத்தில் அளப்பது

ஒரு புதுக் கார்டின் படம் வெளியானதும் சிலர் அரை மணி நேரத்தில் டை பரப்பைச் சொல்லிவிடுவார்கள். அவர்கள் செய்வது மிக எளிய வேலை. படத்தில் அளவு தெரிந்த ஒரு பொருளைத் தேடுகிறார்கள். கிராஃபிக்ஸ் கார்டுகளில் அதற்கு ஏற்றது டையைச் சுற்றி நிற்கும் நினைவகச் சிப்புகள். ஜிடிடிஆர்6 வகை நினைவகச் சிப்பின் உறை 14 மில்லிமீட்டருக்கு 12 மில்லிமீட்டர். தர நிர்ணயப்படி செய்வதால் எந்த கம்பெனியுடையதானாலும் அதே அளவு. படத்துக்குள்ளேயே ஒரு ஸ்கேல் வைத்த மாதிரி.

படத்தில் அந்த 14 மில்லிமீட்டர் பக்கம் 280 பிக்சல் வருகிறது என்று வையுங்கள். அப்படியென்றால் ஒரு மில்லிமீட்டருக்கு 20 பிக்சல். டை 490-க்கு 400 பிக்சல் என்றால் 24.5 பெருக்கல் 20, மொத்தம் 490 சதுர மில்லிமீட்டர்.

இதில் ஒரு பள்ளம் இருக்கிறது. நினைவகச் சிப்பின் ஓரம் மங்கலாக இருந்து, 280-க்குப் பதில் 270 என்று எடுத்துவிட்டால் விடை 527 ஆகிவிடும். பத்து பிக்சல் தவறு, அதாவது நாலு சதவீதத்துக்கும் குறைவு, பரப்பில் ஏழரை சதவீதமாக ஏறுகிறது. நீளத்தில் வரும் பிசகு பரப்பில் இரட்டிப்பாகும். மனை வாங்கும்போது டேப்பைத் தளர்த்திப் பிடித்தால் இரண்டு பக்கத்திலும் தவறு சேருமே, அதே விஷயம். அத்தோடு கேமரா சாய்ந்திருந்தால் தூரத்துப் பக்கம் சுருங்கித் தெரியும். அதனால் நேர்மேலிருந்து எடுத்த படத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நாலைந்து நினைவகச் சிப்புகளை அளந்து சராசரி பாருங்கள். டையின் எதிரெதிர்ப் பக்கங்கள் சமமாக வரவில்லை என்றால் அந்தப் படத்தை விட்டுவிடலாம்.

இரண்டாம் வழி: டிரான்சிஸ்டர் எண்ணிக்கையை வகுப்பது

படம் இல்லாதபோது இந்த வழி. டிரான்சிஸ்டர் என்பது மின்சாரத்தை விடவோ நிறுத்தவோ செய்யும் மிகச் சிறிய சுவிட்ச். ஒரு சிப்பில் இவை பல நூறு கோடி இருக்கும், எண்ணிக்கையைத் தயாரிப்பாளரே பெரும்பாலும் சொல்லிவிடுவார். ஒரு சதுர மில்லிமீட்டரில் எத்தனை டிரான்சிஸ்டர் என்பது அடர்த்தி. எண்ணிக்கையை அடர்த்தியால் வகுத்தால் பரப்பு.

எந்த அடர்த்தியை எடுப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. உண்மையான எண்களை வைத்தே பார்ப்போம். ஏடி102 டையில் 7,630 கோடி டிரான்சிஸ்டர்கள். அதன் பரப்பு நமக்குத் தெரியாது என்று வைத்துக்கொள்வோம். அதே குடும்பத்தில், அதே தொழிற்சாலை நுட்பத்தில் செய்த தம்பி ஏடி104. அதில் 3,580 கோடி, பரப்பு 294.5. வகுத்தால் சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 12.16 கோடி. இந்த அடர்த்தியை ஏடி102-க்குப் போட்டால் 627 சதுர மில்லிமீட்டர் வருகிறது. உண்மைப் பரப்பு 608.5. மூன்று சதவீதம்தான் பிசகு. இரண்டு வரிக் கணக்குக்கு இது அருமையான விடை.

இப்போது முந்தைய தலைமுறை ஜிஏ102-ஐ வைத்துப் பார்ப்போம். அது சாம்சங்கின் 8 நானோமீட்டர் நுட்பத்தில் வந்தது. 2,830 கோடி டிரான்சிஸ்டர், 628.4 சதுர மில்லிமீட்டர். அடர்த்தி 4.5 கோடி. அதைப் போட்டால் ஏடி102-க்குக் கிட்டத்தட்ட 1,690 சதுர மில்லிமீட்டர் என்று வரும்!

இந்த விடையைப் பார்த்ததுமே தவறு என்று சொல்லிவிடலாம். சிப்பின் வடிவத்தை வேஃபர் மேல் ஒளியால் பதிக்கிறார்கள். இன்றைய இயந்திரங்கள் ஒரு பதிப்பில் 26-க்கு 33 மில்லிமீட்டர்தான் பதிக்கும், அதாவது 858 சதுர மில்லிமீட்டர். இதற்கு ரெட்டிக்கிள் எல்லை என்று பெயர். ஒரே டையாகச் செய்யும் வழக்கமான எந்தச் சிப்பும் இதைத் தாண்டாது. 2017-இல் வந்த என்விடியாவின் ஜிவி100 815 சதுர மில்லிமீட்டர், கூரையைத் தொடும் அளவு. நீங்கள் போட்ட கணக்கில் ஒரு டைக்கு 900, 1,000 என்று வந்தால் நிறுத்திவிட்டு முதலிலிருந்து பாருங்கள்.

அதாவது, அதே நுட்பத்தில் அதே வகைச் சிப்பை வைத்து வகுத்தால் இந்த வழி நன்றாக வேலை செய்யும். நுட்பம் மாறினால் கவிழ்த்துவிடும்.

டைக்குள் மூன்று வகை நிலம்

நுட்பம் மாறும்போது என்னதான் செய்வது? பெரும்பாலானவர்கள் இங்கேதான் வழுக்குகிறார்கள். எனக்கும் இது பிடிபட நாளானது. டை முழுவதையும் ஒரே பொருளாகப் பார்க்கக் கூடாது. அதற்குள் மூன்று வகை நிலம் இருக்கிறது, மூன்றும் வேறு வேறு விகிதத்தில் சுருங்குகிறது.

முதல் வகை லாஜிக். கூட்டல், பெருக்கல், முடிவெடுத்தல் எல்லாம் நடக்கும் சுற்றுகள் இவை. புது நுட்பம் வந்தால் நன்றாகச் சுருங்குவது இதுதான்.

இரண்டாவது கேஷ். அடிக்கடி தேவைப்படும் தகவலைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளும் சிறிய, வேகமான நினைவகம். அடுப்பங்கரையில் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கும் அஞ்சறைப்பெட்டி மாதிரி. மூட்டை உள்ளறையில் இருக்கும், தாளிக்கிற கடுகு பக்கத்தில் இருக்கும். கேஷ் சுருங்குவது லாஜிக்கைவிட ரொம்பக் குறைவு. டிஎஸ்எம்சியின் 7 நானோமீட்டரில் ஒரு பிட் சேமிக்கும் அறையின் பரப்பு 0.027 சதுர மைக்ரோமீட்டர். 5 நானோமீட்டரில் 0.021. அதற்கு அடுத்த 3 நானோமீட்டர் தலைமுறையைச் சேர்ந்த என்3இ-யிலும் அதே 0.021. பெயரில் 5 போய் 3 வந்துவிட்டது, கேஷ் அறை நூலளவும் சுருங்கவில்லை.

இந்த எண்ணைக் கொண்டு கேஷின் பரப்பைக் கணக்கிடலாம், ஆனால் கவனம் தேவை. 64 எம்பி கேஷில் சுமார் 53.7 கோடி பிட். 0.027-ஆல் பெருக்கினால் 14.5 சதுர மில்லிமீட்டர். ஆனால் என்விடியாவின் போட்டிக் கம்பெனியான ஏஎம்டி 7 நானோமீட்டரில் தனியாகச் செய்த 64 எம்பி கேஷ் டை சுமார் 40 சதுர மில்லிமீட்டர். மீதி எங்கே போனது? ஒரு ஏக்கர் வாங்கி லே-அவுட் போட்டால் 100 சென்ட் மனை கிடைக்காது. ரோடு, பூங்கா, கால்வாய் எல்லாம் போகத்தான் மனை. கேஷிலும் அறைகளுக்கு முகவரி தேடும் சுற்று, படிக்கும் சுற்று, மின்சாரக் கம்பி எல்லாவற்றுக்கும் இடம் வேண்டும். அந்த டையில் மேல்கீழாக இன்னொரு டையோடு இணைக்கும் கம்பிகளுக்கும் இடம் விட்டிருக்கிறார்கள். அதனால் அறைக் கணக்கை அடிமட்டமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நிஜம் எப்போதும் அதற்கு மேலேதான்.

மூன்றாவது வகை, வெளியுலகோடு பேசும் சுற்றுகள். நினைவகத்துக்குப் போகும் வழி, மானிட்டருக்குப் போகும் வழி. வேலூர் லாங் பஜாரில் கடைக்கு மதிப்பு ரோட்டைப் பார்த்த முகப்பில்தான். இவையும் அப்படி டையின் ஓரத்தைத்தான் கேட்கும், வெளியே போகும் கம்பிகள் நெருக்கியடிக்காமல் பிரிந்து போவதற்காக. பலகையின் மேல் தூரம் வரை சிக்னலைத் தள்ள வேண்டியிருப்பதால் இவற்றை அதிகம் சிறிதாக்கவும் முடியாது. நினைவகத்துக்கான வழி அகலமாக இருக்கும் கார்டில் டையின் சுற்றளவும் பெரிதாக இருந்தாக வேண்டும். ஏடி102-இல் அந்த வழி 384 பிட், ஏடி104-இல் 192 பிட்.

7-லிருந்து 5-க்குப் போகும்போது லாஜிக்கின் அடர்த்தி சுமார் 1.8 மடங்கு, கேஷ் 1.35, வெளித்தொடர்புச் சுற்றுகள் 1.2 என்பது டிஎஸ்எம்சி சொன்ன கணக்கு. இதை ஒரு கற்பனைச் சிப்பில் போட்டுப் பார்ப்போம். 7 நானோமீட்டரில் 80 சதுர மில்லிமீட்டர். அதில் லாஜிக் 40, கேஷ் 25, ஓரச் சுற்றுகள் 15. தனித்தனியே வகுத்தால் 22.2, 18.5, 12.5. கூட்டினால் 53.2. எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு 1.8-ஆல் வகுத்திருந்தால் 44.4 வந்திருக்கும். உண்மை விடை அதைவிட இருபது சதவீதம் பெரிது. பாதி ஆகும் என்று நினைத்தவருக்கு 40 வந்திருக்கும்.

ஆகவே நுட்பம் மாறும் இடத்தில், முதலில் பழைய டையின் படத்தில் எந்தப் பகுதி எத்தனை சதவீதம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொன்றையும் அதனதன் விகிதத்தில் சுருக்கிக் கூட்டுங்கள். கேஷ் சீராக, வயல் வரப்பு போட்டது மாதிரி கட்டம் கட்டமாகத் தெரியும், அதைக் கண்டுபிடிப்பது சுலபம்.

சுருங்காததை ஏன் விலை உயர்ந்த நிலத்தில் வைக்க வேண்டும்?

புது நுட்பத்தில் வேஃபர் விலை அதிகம். அதில் சுருங்காத கேஷையும் ஓரச் சுற்றுகளையும் வைத்தால் காசு வீண். ஏஎம்டி 2022-இல் கொண்டுவந்த நாவி 31 கிராஃபிக்ஸ் சிப்பைப் பார்த்தால் இதற்கான விடை அப்படியே தெரியும். நடுவில் லாஜிக் நிறைந்த ஒரு டை, 5 நானோமீட்டரில், சுமார் 300 சதுர மில்லிமீட்டர். அதைச் சுற்றி ஆறு குட்டி டைகள், பழைய 6 நானோமீட்டரில், ஒவ்வொன்றும் சுமார் 37. அந்தக் குட்டிகளில் இருப்பது கேஷும் நினைவகத்துக்குப் போகும் வழியும்தான்.

"மொத்தம் 522 சதுர மில்லிமீட்டர்" என்று இதைக் கூட்டி, இன்னொரு கம்பெனியின் 522 டையோடு ஒப்பிடுவதை அடிக்கடி பார்க்கிறேன். அது சரியான ஒப்பீடு ஆகாது. ஒரே துண்டாகச் செய்திருந்தால் 522 ஆகியிருக்காது. கேஷும் கொஞ்சம் சுருங்கியிருக்கும், டைக்கும் டைக்கும் இடையே உள்ள இணைப்புச் சுற்றும் தேவைப்பட்டிருக்காது. 450 என்று வைத்துக்கொள்வோம். முன்பு எடுத்த அதே 0.1 குறைக் கணக்கில், 450 டை ஒரு வேஃபருக்குச் சுமார் 80 நல்ல துண்டு தரும். 300 டை என்றால் 146. குட்டி டைகளோ வேஃபருக்கு 1,800 விழும், அதில் 96 சதவீதம் நல்லவை. சிப்புக்கு ஆறு என்றால் ஒரு பழைய வேஃபரிலிருந்து கிட்டத்தட்ட 290 சிப்புகளுக்குப் போதும்.

இதை ஒருநாள் சித்தப்பாவிடம் தாளில் வரைந்து காட்டினேன். ஷூவின் முன்பக்கத்தை நல்ல தோலில் எடுத்துவிட்டு உள்துணுக்குகளை விலை குறைந்த வேறு தோலில் எடுப்பது மாதிரியா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அப்படியானால் ஒட்டுகிற கூலி தனியாக வருமே என்றார். வருகிறது. டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நுண்ணிய கம்பிகளால் இணைக்கும் செலவு, அந்த இணைப்பு தின்னும் மின்சாரம் இரண்டையும் இந்த 146-க்கு எதிரே எழுதித்தான் கழிக்க வேண்டும்.